டாக்டர் கேட்டது உன்னைத்தான்

அக்கா,

இன்று செமோரில் உன் வீட்டுக்குப் போனேன். மாமா உன் ரோத்தான் பிரம்பு நாற்காலியைக் கழுவி வாசலில் காயவைத்திருந்தார். கோயிலுக்குக் கொடுக்கப் போகிறாராம். கடைசி மூன்று மாதம் நீ அதில் உட்கார்ந்தபடியேதான் தூங்கினாய். விலாவில் வளர்ந்த கட்டி பப்பாளி அளவாகி, படுத்தால் மூச்சை அடைத்தது. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆபரேஷனுக்கு முன்னால், ஈப்போ ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் உன்னைப் பார்த்துத்தான் கேட்டார், மல்லாந்து படுக்க முடியுமா என்று. மலாய் உனக்கும் வரும். ஆனால் ஆபீஸ், ஆஸ்பத்திரி என்றால் நம் வீட்டில் வாய் என்னுடையது. "போலே, டாக்டர், போலே" என்று சொல்லி, முடியும் என நான் தலையாட்டிவிட்டேன். இருமலுக்காக ஏற்கெனவே ஒருமுறை தேதியைத் தள்ளியிருந்தார்கள். இன்னொரு முறை தள்ளினால் கட்டி உன்னை விடாது என்ற பயம் எனக்கு.

வெளியே வந்ததும், "முந்திரிக்கொட்ட! மூச்சு விடுறது நீயா நானா லா?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அப்போதாவது திரும்பிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பார்க்கிங்கில் வெயில் ஏறுகிறது என்று உன்னை அவசரப்படுத்தினேன்.

ஆபரேஷன் அன்று மேசையில் படுக்கவைத்ததுமே உனக்கு உதடு நீலம் பாரித்துவிட்டதாம். நல்லவேளை, மருந்து ஏற்றவில்லை. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். டாக்டர் கோபப்படவில்லை. மயங்கிய பிறகு கட்டியின் பாரம் மூச்சுக்குழாயை அமுக்கினால் காப்பாற்றுவது கஷ்டம் என்றார். முன்பே தெரிந்திருந்தால், உட்கார்ந்த நிலையில், விழித்திருக்கும்போதே தொண்டைக்குள் மூச்சுக்கான குழாய் விட ஏற்பாடு செய்திருப்பார்களாம். அதற்கு ஆட்களும் வேறு நாளும் வேண்டும். மூன்று வாரம் தள்ளிப்போனது.

தேதி தள்ளக் கூடாது என்று நான் சொன்ன பொய்தான் தேதியைத் தள்ளியது.

"டாக்டர் கேட்டப்ப யாருமே சொல்லலியா?" என்று மாமா என்னைப் பார்த்தார். நீ கட்டிலில் சாய்ந்தபடி, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய்: "அவன ஏன் பாக்குறீங்க? நாந்தான் படுக்க முடியும்னு சொன்னேன்."

அந்த மூன்று வாரத்தை நீ தாண்டவில்லை. பதினோராம் நாள் நிமோனியாவில் போய்விட்டாய்.

இன்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு மாமா வழக்கம்போல உன்னைத் திட்டினார். "ஒங்கக்கா பிடிவாதக்காரி லா. டாக்டர்கிட்ட உள்ளதச் சொல்லியிருந்தா இன்னிக்கு இருந்திருப்பா."

"ஆமா மாமா" என்றேன். ஐந்து வருஷமாக இதையேதான் சொல்கிறேன், அக்கா.