பிடி அரிசியில் நடக்கிற சங்கம்

பாகூர்,
18-2-1979

செல்ல மகள் ஞானசுந்தரிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே யாருக்கும் நோய்நொடி இல்லை, அரிசிக் கடையும் நன்றாக ஓடுகிறது. பாரிசுக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் இருமாமல் இருக்கிறீர்களா, அதை முதலில் எழுது. அப்பாவுக்கு முட்டிவலிதான், ஆனால் கல்லாவில் உட்கார்ந்தால் மட்டும் அந்த வலி வருவதில்லை.

நம் ஊர்க் கூலியாட்கள் சங்கத்துக்கு நீயும் உன் ஆஸ்பத்திரித் தோழிகளும் பணம் சேர்த்து அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். அனுப்பாதே. நான் நீட்டியதையே அவர்கள் வாங்கவில்லை. சங்கத்தை நடத்துகிறவள் ஏம்பலத்து விருத்தாம்பாள், நடவுக்குப் போகிறவள். கூலி பாக்கி வைத்தவர்கள் மேல் மனு போடுவது, புதுச்சேரிக்குப் போய் லேபர் ஆபீசில் நிற்பது, இதுதான் சங்கத்தின் வேலை. கடைத்தெருவில் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஓர் அறை வைத்திருக்கிறார்கள். வாடகை நின்றுபோய், பொங்கல் முடிந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார் இடத்துக்காரர். அந்த நேரம் பார்த்துக் கரும்பு வெட்டு கான்ட்ராக்டர் சிங்காரவேலு, ஒரு வருஷ வாடகையைக் கட்டி ஃபேனும் மாட்டித் தருகிறேன் என்று ஆள் அனுப்பினார். வெட்டாட்களின் கூலி மனு அவர் மேல்தான் இருக்கிறது. விருத்தாம்பாள், எங்களுக்குக் காத்து வயக்காட்டுலயே வருது, அவர கூலியக் குடுக்கச் சொல்லுபா என்று திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்குப் பிடித்துப் போயிற்று, வாடகையை எடுத்துக்கொண்டு நானே போனேன். இன்னாக்கா, உங்க கடையில மூட்ட தூக்கறவங்களும் எங்க சங்கந்தான, நாளைக்கு உங்ககிட்டயும் கூலி பேசணுமில்ல என்று கையைக் கட்டிக்கொண்டாள். தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாய் அரிசி விற்று மேலே வந்தவளை அந்த ஆளோடு சேர்த்துவிட்டாளே என்று ஒரு வாரம் அவளிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர்கள் பிடித்த வழியைக் கேள். சங்கத்து வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை சேர்த்து எடுத்துக்கொண்டு என் கடைக்கே விற்க வந்தார்கள். சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்ததும் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. புழுங்கல், பச்சை, பழசு, புதுசு, ரேஷன் எல்லாம் ஒன்றாய்க் கிடந்தது. உலையில் போட்டால் ஒன்று குழையும், ஒன்று விறைத்துக்கொண்டு நிற்கும், யார் வாங்குவார்கள். கூட வந்த கலியம்மாள், எல்லாரும் ஒண்ணுன்னுதான சங்கம் வச்சோம், இந்த அரிசி மட்டும் ஒத்துக்கலியா என்றாள். தோசைக்குக் கலப்பு அரிசி ஆகும், இதை டீக்கடையில் போடுங்கள், அடுத்த வாரத்திலிருந்து புழுங்கலுக்கு ஒரு பை, பச்சைக்கு ஒரு பை வையுங்கள், நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். யோசனைக்கும் காசு உண்டாக்கா என்று கேட்டாள் விருத்தாம்பாள், வாய்க்கொழுப்புதான். இப்போது சந்தை விலைக்கு வாங்குகிறேன். நான் நிறுக்கும்போது தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். அறை கைவிட்டுப் போகவில்லை.

போன திங்கட்கிழமை அரிசி இல்லாமல் வந்தாள், என் கடையில் மூட்டை தூக்கும் சாமிக்கண்ணு பின்னால் நின்றான். மூட்டைக் கூலியைக் கூட்ட வேண்டுமாம். என் யோசனையில் பிழைத்த சங்கம் என்னிடமே வருகிறதா என்றேன். அரிசி வித்தது வேற, கூலி வேறக்கா என்றாள். நானும் இழுத்தேன், அவளும் இழுத்தாள், கடைசியில் கூட்டிக் கொடுத்தேன். அன்னைக்கே அவ உன் பணத்த வாங்கியிருந்தா உனக்குத்தான் லாபம் என்று அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. யோசித்துப் பார்த்தால் உண்மைதான், என் காசில் வாடகை கட்டியிருந்தால் அவள் என் கடைப்படி ஏறியிருப்பாளா.

நீ கேட்டதையும் அவளிடம் சொன்னேன். ஞானம் நல்ல பொண்ணு, ஆனா பிரான்சு பணம் வந்தா அடுத்த வாரமே பானையில அரிசி வுழாதுக்கா, அப்புறம் அந்தப் பணம் நின்னா நாங்களும் நின்னுடுவோம் என்றாள். வியாபாரம் பண்ண வேண்டியவள், நடவுக்குப் போகிறாள்.

அவ்வளவு ஆசை இருந்தால் ஈஸ்டருக்கு வருகிறாயே, வந்து இங்கே உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வை. முதலாளி வீட்டு அரிசி என்று அவள் திருப்பி அனுப்பினால் என்னைக் கேட்காதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. சகாயமாதா உங்கள் இருவருக்கும் துணையாக நிற்பாள்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
அந்தோணி மேரி