நுக்காவுக்கு எந்தக் கை?

இவாலு,

நீயும் மகளும் சுகமா? அடுப்புக்கு எண்ணெய் இருக்கிறதா? இங்கே ஆலையில் மீன் வெட்டும்போது எனக்கு விரலில் சின்னக் கீறல். நாலு தையலோடு போயிற்று, கவலைப்படாதே.

நுக்காவின் முதல் கடல்நாய் வேட்டைக்குத் துப்பாக்கி வாங்கப் போனேன். "பொண்ணுக்கா? எந்தக் கைப் பழக்கம்?" என்றார் கடைக்காரர். "இடது கை" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். "அப்போ கடல்நாய்ங்க பாடு திண்டாட்டம்தான்" என்று சிரித்துக்கொண்டே இடது கைக்காரர்களுக்கான ஒன்றைத் தேடிக் கொடுத்தார்.

பாதி வழியில்தான் உறைத்தது. இடது கைக்காரன், பனிக்கட்டி உடைந்து கடலோடு போன என் அண்ணன் நுக்கா. அவன் பெயரை மகளுக்கு வைத்து, நம் வழக்கப்படி பிறந்த நாள் முதல் அவளை "அண்ணா" என்றே கூப்பிடுகிறேன். அவளுக்கு எந்தக் கைப் பழக்கம் என்று பார்த்ததே இல்லை.

அவள் கல்லை எந்தக் கையால் எறிகிறாள், எந்தக் கண்ணை மூடிக் குறி பார்க்கிறாள் என்று கவனித்து எழுது. வலது என்றால் மாற்றி அனுப்புகிறேன்.

நீ காயவைத்த மீன் கொஞ்சம் அனுப்பு. இங்கே நாளெல்லாம் மீனோடுதான் இருக்கிறேன், வாயில் வைக்கப் பிடிக்கவில்லை.

தபால் மூட்டையைக் கட்டுகிறார்கள். துப்பாக்கி வந்ததும் பனிக்கட்டிமேல் போகிறேன் என்று அடம்பிடிப்பாள். "அப்பா பயந்தாங்கொள்ளி" என்பாள். சொல்லட்டும். நான் வரும்வரை விடாதே. அண்ணனை ஒரு தடவை தனியாக அனுப்பியவன் நான்.

மினிக்