மாப்பிள்ளையிடம் பேசிய வானிலை

அக்கா,

கீழ்வீட்டில் இன்று பெயின்ட் அடிக்கிறார்கள். வாசனை படியேறி என் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். உங்கள் கூடத்துச் சுவரில் வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோட்டின்மேல் ஒருவர் ரோலரை ஓட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஏதாவது தோன்றும் என்று நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. அடுப்பில் பால் வைத்தது நினைவு வந்து மேலே வந்துவிட்டேன்.

நீங்கள் போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறது. பல் பிடுங்க ஊசி போட்டால் நம் கன்னமே வேறு யாருடைய கன்னமோ போல் இருக்குமே, அந்த மாதிரி.

வீட்டுக்காரம்மா, குடியிருப்பவள் என்று நாம் பழகியதே இல்லை. ஆனாலும் உங்கள் வீட்டுக்காரர் தவறி ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், இங்கிலீஷ் வகுப்புக்குத் துணைக்கு வா என்று நீங்கள் கூப்பிட்டபோது எனக்குக் கொஞ்சம் வியப்புதான். தனிமை தாங்காமல் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். முடிச்சூரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து மேற்குத் தாம்பரம் போவோம். சண்முகம் சாலையில் பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் வகுப்பு. நம்மைப்போல் வீட்டில் இருக்கும் பெண்கள்தான் அதிகம். பாடம் எடுத்த மிஸ்ஸுக்கு நம் பிள்ளைகள் வயதுகூட இருக்காது.

வானிலைப் பாடம் வந்த அன்று மிஸ் சுவரில் படங்களை ஒட்டினார். சன்னி, கிளவுடி, ரெய்னி, விண்டி, ஸ்நோயி. கடைசி இரண்டும் நமக்கு அவ்வளவாகத் தேவைப்படாது, முதல் மூன்றை மட்டும் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள் என்றார். நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றீர்கள்.

"இங்க அடிக்கற வெயிலைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் எதுக்கு மிஸ்? அந்தக் கடைசி ரெண்டுதான் எனக்கு வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோ சத்தத்தில்தான் சொன்னீர்கள். உங்கள் மகள் நித்யா ஸ்காட்லாந்தில் அந்த ஊர்ப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டது எனக்குத் தெரியும். அப்பா பேசக்கூடாது என்று சொன்னதும், அவர் இருந்தவரை நீங்களும் பேசாமலே இருந்துவிட்டதும் தெரியாது. அவர் போனபின் நீங்கள் கூப்பிட்டபோது அவள் போனை எடுக்கவில்லை. எத்தனை முறை கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. ஒருநாள் மாப்பிள்ளை எடுத்தார். அவர் என்னவோ கேட்டார், உங்களுக்குப் புரியவில்லை, வைத்துவிட்டீர்கள்.

"எடுக்கறது அவர் ஒருத்தர்தான். அவர்கிட்டயாவது பேசணும் இல்லையா" என்றீர்கள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசினீர்கள். பேச்சு முழுவதும் வானிலைதான். அதைத் தவிர வேறெதற்கும் நம்மிடம் வார்த்தை இல்லை. ஹவ் ஈஸ் த வெதர் என்பீர்கள். அவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்வார். அங்கே பெரும்பாலும் தூறல். "ட்ரிஸ்லிங்" உங்களுக்குப் பிடித்துப்போயிற்று. புழுக்கத்துக்கு மிஸ் கொடுத்த சொல் கடைசிவரை உங்கள் வாயில் நுழையவில்லை. "ஹாட், நோ விண்ட்" என்று சமாளித்தீர்கள். சில நாள் அவர் பேச்சுக்குப் பின்னால் தட்டு வைக்கும் சத்தமும் குழாய்ச் சத்தமும் கேட்கும். அப்போது நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் வேறெங்காவது பார்ப்பேன்.

மழைக்காலம் வந்தது. அந்தமுறை ஏரிகள் நிரம்பி முடிச்சூர் முழுக்கத் தண்ணீர். விடிகாலையில் உங்கள் கூடத்துக்குள் நுழைந்து, காபி போடும் நேரத்துக்குக் கட்டில் உயரம் வந்துவிட்டது. நீங்கள் மாற்றுப்புடவையோடு மேலே என் வீட்டுக்கு வந்தீர்கள். கரண்ட் இல்லை. தெருவில் படகு போய்க்கொண்டிருந்தது. செய்தியைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை கூப்பிட்டார்.

ஹெவி ரெயின், வாட்டர் இன் மை ஹவுஸ் என்றீர்கள். அவர் வேகமாக ஏதோ கேட்டார். உங்களுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. போனை என் பக்கம் நீட்டினீர்கள், எனக்கும் வரவில்லை. அந்தப் பக்கம் ஏதோ உரசும் சத்தம். பிறகு ஒரு பெண்குரல்.

"அம்மா, எங்க இருக்க? சாப்டியா?"

நீங்கள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டீர்கள். பிறகு, "எஸ். ஐ ஆம் சேஃப். ஐ ஆம் அப்ஸ்டேர்ஸ்" என்றீர்கள்.

"தமிழ்ல சொல்லும்மா" என்றாள் நித்யா.

அதற்குமேல் இருவரும் அழுததுதான். பேசியது கொஞ்சம். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

அப்புறம் ஞாயிறுகளில் முதலில் மாப்பிள்ளையிடம் வானிலை, பிறகு மகளிடம் மற்றதெல்லாம் என்று ஆயிற்று. நான் துணைக்கு உட்காருவதும் நின்றது. கோடை விடுமுறையில் இருவரும் வருவதாக இருந்தது. கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கினீர்கள். அவர் வெயில் தாங்க மாட்டார் என்று ஏசி வைத்தீர்கள்.

கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. நான்தான் முதலில் பார்த்தேன். நித்யாவுக்குச் சொல்ல நான் கூப்பிட்டபோது மாப்பிள்ளை எடுத்தார். என் பெயரைச் சொன்னேன். அவளைக் கூப்பிடுங்கள் என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அவர்கள் வந்துசேரும்வரை குளிர்பெட்டியில் இருந்தீர்கள். நித்யா வந்து பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், எடுக்கும்வரை அசையவில்லை. நான் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அழவில்லை.

எல்லாம் முடிந்து மறுநாள் மத்தியானம், மோர் கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். முகமும் கழுத்தும் வெயிலில் சிவந்து, மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். வெரி ஹாட் என்றார். எஸ் என்றேன். பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி ஒன்று கேட்டார். ஒவ்வொரு முறையும் போனை அவர் கைமாற்றுவதற்கு முன் நீங்கள் தமிழில் ஒரே ஒரு சொல் சொல்வீர்களாம். அவரும் அதை அப்படியே சொல்லிப் பார்ப்பாராம்.

"பாத்துக்கோப்பா" என்றார் தட்டுத்தடுமாறி. மழையா, வெயிலா, அது எந்த வானிலை என்று கேட்டார். நித்யாவிடம் இப்போது கேட்க மனம் வரவில்லையாம்.

வானிலை இல்லை என்றேன். டேக் கேர் ஆஃப் ஹெர் என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போய், நித்யா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். வீட்டை விற்கவில்லை, கீழ்வீட்டையும் வாடகைக்கு விடப்போகிறார்கள். அதற்குத்தான் பெயின்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் நித்யா என்னைக் கூப்பிடுகிறாள். உங்களைப்பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. கடைசியில் மாப்பிள்ளை போனை வாங்கி, என்னிடம் "பாத்துக்கோப்பா" என்கிறார். பெரியவர்களிடம் அப்படிச் சொல்லக்கூடாது என்று நான் திருத்தவில்லை. சரிப்பா என்று சொல்லி வைக்கிறேன்.