ரப்பர் வாசம் இல்லாத ஆபரேஷன் தியேட்டர்

அன்புள்ள டாக்டர்,

நேற்று தங்கை மகனின் பிறந்தநாளுக்காக டவுன்ஹால் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பலூன் பொட்டலத்தைப் பிரித்ததும் குப்பென்று ரப்பர் வாசம். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தவள், தெருவில் நின்று தனியாகச் சிரித்துவிட்டேன். "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றார் கடைக்காரர். ஒரு பெரிய சர்ஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கை நிறையப் பலூனோடு ஓடியதை நினைத்துச் சிரிக்கிறேன் என்றால் அவர் நம்பவா போகிறார்?

அந்த வாசம் ஒரு காலத்தில் எனக்குச் சோறு போட்ட வாசம். உங்கள் பக்கத்தில் நின்று கத்தியும் கத்திரியும் எடுத்துக் கொடுத்த நாளெல்லாம் கையில் ரப்பர் கையுறைதான். முதலில் கை அரித்தது. சோப்பு சேரவில்லை என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் ஆபரேஷன் நடுவிலேயே மூச்சு இழுத்தது. சோதித்துப் பார்த்து லேடெக்ஸ் அலர்ஜி, அதாவது ரப்பர் ஒவ்வாமை என்றார்கள். எனக்கு மட்டும் வேறு கையுறை கொடுத்தும் பலனில்லை. மற்றவர்கள் கழற்றும்போது பறக்கிற பவுடரே எனக்குப் போதுமாக இருந்தது. எல்லோரும் லேடெக்ஸ் இல்லாத கையுறைக்கு மாற வேண்டும், இல்லையென்றால் நான் வார்டுக்குப் போக வேண்டும். நிர்வாகம் இரண்டுக்கும் தயார். டாக்டர்கள் அத்தனை பேரும் சரி என்றார்கள், உங்களைத் தவிர.

"சாக்குப் பைக்குள்ள கைய உட்டாப்பல இருக்குது. இதைப் போட்டுட்டு எப்படிங்க தையல் முடிச்சுப் போடறது?" என்று கழற்றி வீசினீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது சொல்லலாம், உங்களால் திருப்பித் திட்ட முடியாதே! தியேட்டரை விட்டால் எனக்கு வேறு உலகம் தெரியாது. அது தெரிந்தும் இப்படிச் செய்கிறாரே என்று அழுதேன். மறுநாள் விடைபெற வந்தேன்.

"வார்டுக்குப் போறேனுங்க டாக்டர்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தீர்கள்.

"உன்னைய வார்டுக்கு அனுப்பிப்போட்டு நான் யாரு மேல எரிஞ்சு உழுகறதாம்? அந்த எளவு கிளவுசையே கொண்டா அம்மணி."

அதன்பிறகு டீ குடிக்க உட்காரும்போதெல்லாம் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு நாற்காலிக் கையில் நூல் கட்டிப் பழகினீர்கள். நாற்காலி முழுக்க முடிச்சு. கூட்ட வருகிற அக்கா சத்தம் போட்டபோது காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

அந்த வருட ஆயுத பூஜையில்தான் கூத்து. கையுறையில் இருந்து குழாய் வரைக்கும் பார்த்துப் பார்த்து மாற்றியவர்கள், பலூனும் ரப்பர்தான் என்பதை மறந்துவிட்டார்கள். தியேட்டர் வராந்தா முழுக்கப் பலூன் தோரணம். நான் வாசலிலேயே இருமிக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்த டெக்னீஷியன் ஒருவர் உடைக்க ஊசியோடு கிளம்ப, நீங்கள் பொரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினீர்கள்.

"உடைச்சுப்போடாதீங்கடா, பவுடர் பறக்கும்! அம்மணி, நீ வெளிய போ!"

ஒவ்வொன்றாக நீங்களே அவிழ்த்தீர்கள். பூஜைக்குக் கட்டிய வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடி, உங்கள் காரின் பின்சீட்டில் அடைத்து வீட்டுக்கே ஓட்டிப் போனீர்கள். "யாருக்குங்க பொறந்தநாளு?" என்று உங்கள் வீட்டம்மா கேட்டார்களாம். கையுறைக்கு அத்தனை மல்லுக்கட்டிய மனிதர் என்று யார் சொல்லுவார்கள்?

சில வருடம் கழித்து, பித்தப்பைக் கல்லோடு நீங்களே அந்த மேசையில் வந்து படுத்தீர்கள். ஊரையே அறுத்த மனிதர், அன்று மேசை விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் தலையைத் திருப்பித் தேடினீர்கள்.

"அம்மணி, இருக்கறயா?"

"இங்கதானுங்க இருக்கறேன் டாக்டர்."

கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

அதற்கப்புறம் நன்றாகத் தேறி, பேத்தி கல்யாணமும் பார்த்து, நிறைவாகத்தான் போனீர்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கை கழுவும்போது பக்கத்தில் உங்கள் முணுமுணுப்பு கேட்காததுதான் இன்னும் பழகவில்லை.

இப்போதெல்லாம் மேசையில் படுக்கிற ஒவ்வொருவரிடமும், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், குனிந்து சொல்கிறேன்: "இங்கதானுங்க இருக்கறேன்." அவர்கள் முகம் லேசாகத் தளர்கிறது. இந்த அறையில் நான் இருப்பது உங்களால், டாக்டர்.