ஃப்ளெக்ஸில் மட்டும் வேலை கிடைத்த என் அக்காவின் உதவித்தொகை குறித்து

அனுப்புநர்:
அ. பிரேம் பிரிட்டோ (வயது 17),
த/பெ. (காலஞ்சென்ற) அமிர்தசாமி,
4/61, கோவில் தெரு, கரைமேடு,
திருமானூர் வழி, அரியலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்,
அரியலூர்.

பொருள்: வேலையில்லாத மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை – என் அக்கா செல்வி அ. ஜெசிந்தா மேரிக்கு மூன்று தவணைகள் நிறுத்தப்பட்டது – முன்பு கொடுத்ததையும் திருப்பிக் கேட்டு, பதிவை நீக்கப்போவதாக அறிவிப்பு வந்தது – குற்றம் அவருடையதல்ல, என்னுடையது என்று ஒப்புக்கொள்வது – தொடர்பாக.

பார்வை: அக்காவுக்கு வந்த அறிவிப்பு, நாள் 19.01.2026.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். மேற்படி முகவரியில் அம்மா, அக்கா, நான் என மூவர் வசிக்கிறோம். நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். மைனர் கொடுக்கும் மனு செல்லுமா என்று போன திங்கட்கிழமை இங்கே வரிசையில் நின்ற பெரியவர் ஒருவரைக் கேட்டேன். "எழுதிப் போடு தம்பி, பேப்பருக்கு வயசு கெடையாது" என்றார். எனக்குப் பதினெட்டு முடிய ஜூன் ஆகும். அக்காவுக்குக் கொடுத்திருக்கும் கெடு பிப்ரவரி 28. ஆகையால் மைனராகவே வந்திருக்கிறேன். பள்ளியில் வயிற்றுவலி என்று சொல்லியிருக்கிறேன். இன்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

2. அக்காவுக்கு வயது 31. பி.காம். படித்தவர். பிளஸ் டூ முடித்த கையோடு, 2012இல், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தார். அதன்பின் ஒருமுறைகூடப் புதுப்பிக்கத் தவறவில்லை. 2019 நவம்பரில் அவரை ஜவுளிக்கடை வேலைக்கு அப்பா மொபெட்டில் கூட்டிப்போனபோது, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வந்து மோதியது. அப்பா அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். அக்காவுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வழக்கு நடக்கிறது. லாரி ஓடுகிறது. அதற்கு வேறு மனு எழுத வேண்டும், இதில் அதைக் கலக்கவில்லை.

3. 2022 முதல் அக்காவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. அந்தப் பணத்தில் அவர் அரியலூருக்கு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்வந்தார். செயற்கைக் காலுக்கு உள்ளே போடும் ரப்பர் உறையையும் அதில்தான் வாங்குவார். ஓர் உறை எட்டு மாதம் தாங்கும். அதற்குமேல் போட்டால் தோல் உரியும். அம்மா லீலா மேரி வயல் வேலைக்குப் போய்க் கொண்டுவருவது அரிசிக்கும் என் படிப்புக்கும் சரியாகப் போய்விடுகிறது.

4. இனி என் குற்றம். அதற்கு முன் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அந்தோணியார் கோவில் தேர்த் திருவிழாவுக்கு எங்கள் தெருவில் வீட்டுக்கொரு ஃப்ளெக்ஸ் வைப்பார்கள். அதில் யாருக்கும் வெறும் பெயர் இருக்காது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவருக்கு 'கல்வித் தந்தை' என்று போடுவோம். ஊரை விட்டு ஓடிப்போய்த் திரும்பி வந்தவருக்கு 'மண்ணின் மைந்தர்'. படிப்பவர் சிரிப்பார், படத்தில் இருப்பவர் மீசையை முறுக்குவார், தேர் நிலைக்கு வந்ததும் ஃப்ளெக்ஸ் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகிவிடும். ஃப்ளெக்ஸில் இருப்பதை எங்கள் ஊரில் யாரும் உண்மை என்று எடுத்துக்கொண்டதில்லை. ஆபீஸ் எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது.

5. எங்கள் பெரியப்பா பெனடிக்ட் அக்காவை எங்கே பார்த்தாலும் ஒன்றைக் கேட்பார். பூசை முடிந்து வரும்போது, ரேஷன் கடையில், துக்க வீட்டில்கூட, பத்துப் பேர் காதில் விழும்படி: "என்னாம்மா ஜெசி, கவருமென்ட்டு ஒன்னைய இன்னும் கூப்புடலயா? அட்ரஸ் கெடைக்கல போலருக்கு." அக்கா சிரித்துவிட்டு வந்துவிடுவார். எனக்குச் சிரிக்க வராது. நான் சனிக்கிழமைகளில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் தமிழ் டைப் அடித்துக் கொடுக்கிறேன். போன ஜூன் மாதம் 7ஆம் தேதி, வேறொருவர் பேனர் போக ரோலில் எட்டடி மிச்சம் இருந்தது. கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அக்கா படத்தைப் போட்டு, 'அரசுப் பணியில் இளநிலை உதவியாளராகப் பொறுப்பேற்றுள்ள எங்கள் வீட்டு மகராணியே!' என்று அடித்து, மறுநாள் காலையில் பெரியப்பா வீட்டு வாசலுக்கு நேர் எதிரே கட்டிவிட்டேன். கடைக்காரருக்கோ என் சேக்காளிகளுக்கோ இதில் பங்கில்லை.

6. பெரியப்பா மூஞ்சி போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அன்று சாயங்காலமே அரைக்கிலோ ஜிலேபியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "எங்களுக்குல்லாம் முன்னாடியே சொல்றதில்லியா" என்று கோபித்துக்கொண்டார். அக்கா ஜிலேபியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தார். பெரியப்பா போனபிறகு அக்கா என்னிடம் சொன்னது: "போட்டோ நல்லாத்தான்டா இருக்கு. இன்னைக்கே அவுத்துரு." சரி என்று சொன்னேன். அவிழ்க்கவில்லை. பெரியப்பா அந்த வழியாகத் தலையைக் குனிந்துகொண்டு போவதை இன்னும் கொஞ்ச நாள் பார்க்க ஆசைப்பட்டேன். நான்கு நாள் விட்டுவைத்தேன். முதல் நாளே அவிழ்த்திருந்தால் இந்த மனு இல்லை. வைத்தது விளையாட்டு என்றால், விட்டுவைத்ததற்கு நான் வேறு பெயர் சொல்ல முடியாது.

7. அந்த நான்கு நாளுக்குள் யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றி, 'அரசு வேலை பார்த்துக்கொண்டே உதவித்தொகை வாங்குகிறார்' என்ற புகாரோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் உதவித்தொகைப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜூலைத் தவணை வரவில்லை. வங்கியில் கேட்டபோது, மேலிருந்தே வரவில்லை என்றார்கள். அக்கா ஆகஸ்ட் முதல் ஆறு முறை அந்தப் பிரிவுக்கு ஏறி இறங்கினார். ஏறி இறங்கினார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளவும்: அது மாடியில் இருக்கிறது. முதல் முறை அங்கே நடந்த பேச்சை, அக்கா அம்மாவிடம் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஏம்மா, ஊரே பாக்குறாப்புல போர்டு வச்சுப்புட்டு இங்க வந்து வேலை இல்லன்னா எப்புடி? வேலைய விட்டுட்டீங்கன்னா ரிலீவிங் ஆர்டர் கொண்டாங்க."

"நான் சேரவே இல்லைங்க சார்."

"அப்ப சேரலன்னு ஒரு லெட்டர் வாங்கியாங்க."

"யாருகிட்டங்க சார்?"

"எங்க சேரலயோ அங்கதான்."

அக்கா சேராத ஆபீஸ்கள் இந்த நாட்டில் எத்தனை என்று தங்களுக்குத் தெரியும். அத்தனையிலும் கடிதம் வாங்க அவருக்கு ஒரு கால்தான் இருக்கிறது. அன்று முதல், தனக்கு வேலை இல்லை என்று நிரூபிப்பதே அக்காவுக்கு முழுநேர வேலையாகிவிட்டது. அதற்குச் சம்பளம் கிடையாது.

8. கடைசியில், வேலையில்லை என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று தந்தால் போதும் என்றார்கள். எங்கள் உறவினர் ஒருவரும் அக்கம்பக்கத்தார் இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் தருவதாக அவர் சொன்னார். அக்கம்பக்கத்தார் இருவரும் போட்டுவிட்டார்கள். உறவினர் என்று எங்களுக்கு உள்ளூரில் இருப்பது பெரியப்பா ஒருவர்தான். அவரோ அந்த ஃப்ளெக்ஸ் படத்தைத் தன் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பி, 'தம்பி மகள் கவர்மென்ட் ஆபீஸர்' என்று சொல்லி சம்பந்தத்தை முடித்திருக்கிறார். கல்யாணம் ஈஸ்டர் கழித்து. அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிப்பார்கள். அதாவது, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று பங்குச் சாமியார் அறிவிப்பார். நான் போய்க் காலில் விழுந்தேன். "நான் கையெழுத்துப் போட்டா அது நாளைக்கே அங்க போயிரும்டா தம்பி. மூணு ஓலையும் வாசிச்சு முடியட்டும். அப்பறம் எத்தன கையெழுத்து வேணும், சொல்லு" என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தப் பொய்யை அவருக்கு அச்சடித்துக் கொடுத்தவன் நான்.

9. டிசம்பர் மாதம் அக்காவை விசாரணைக்கு அழைத்தார்கள். போர்டை வைத்தது யார் என்று கேட்டிருக்கிறார்கள். வைத்தவர் மேல் போலீசில் புகார் போகும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அக்கா, 'நானேதான் வைத்தேன், பெருமைக்காகச் செய்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து எங்களிடம், "முடிஞ்சுருச்சு, இனிமே பணம் வந்துரும்" என்றார். எனக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. அவர் எதற்காக அப்படி எழுதினார் என்று ஜனவரியில் அறிவிப்பு வந்து, அதில் அவர் வாக்குமூலத்தைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "ஒனக்கு எழுதுறதுக்கு பரீச்ச இருக்கு. எனக்கு என்னடா இருக்கு" என்றார்.

10. அறிவிப்பில் இருப்பது: எந்தத் தேதியிலிருந்து அக்கா பணியில் இருக்கிறார் என்பது தெளிவாகாததால், தொடக்கம் முதல் பெற்ற முழுத் தொகையையும் பிப்ரவரி 28க்குள் திருப்பிக் கட்ட வேண்டும். தவறான தகவல் தந்ததற்காக 2012ஆம் ஆண்டுப் பதிவு நீக்கப்படும். ஐயா, பணம்கூட எப்படியாவது போகட்டும். பதிவு போனால் பதிமூன்றரை வருட மூப்பு போய்விடும். அக்கா மறுபடி பதிந்தால், போன வருடம் பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். கால் போனபோதுகூட அவர் வரிசையை விட்டு வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து என்னிடம் முதலில் கேட்டது, புதுப்பிக்கிற மாதம் தாண்டிவிட்டதா என்றுதான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

11. அக்காவின் இன்றைய நிலை: ஆகஸ்டிலிருந்து டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகவில்லை. ரப்பர் உறை கிழிந்து, பழைய துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நடந்ததில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. பொங்கலுக்குப் பிறகு செயற்கைக் காலைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் சாத்திவைத்துவிட்டார். வீட்டுக்குள் தரையில் நகர்ந்துதான் போகிறார். பூசைக்குப் போவதில்லை. யாராவது வந்தால் அடுப்படிக்குள் போய்விடுகிறார். அறிவிப்பை எங்கே வைத்திருக்கிறாய் என்று அம்மா கேட்டதற்கு, அரிசி டிரம்மில் என்றார். அதற்குப்பின் வேலை, பரீட்சை, பதிவு என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

12. நான் சொல்வதற்கு ஆதாரமாக அந்த ஃப்ளெக்ஸையே சுருட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். அதன் கடைசி வரி: 'இவண், அக்காவின் அன்புத் தம்பி பிரேம் பிரிட்டோ'. வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தில் இந்த வரி தெரியாது, முன்னால் ஐஸ் வண்டி நிற்கிறது. ஒரு குற்றவாளி இதைவிடப் பெரிய எழுத்தில் பெயரைப் போட்டுவிட்டுப் போக முடியாது. பார்த்து முடித்ததும் தயவுசெய்து இன்றே திருப்பித் தர வேண்டும். எங்கள் வீட்டுக் குளிக்கிற இடத்துக்கு மூன்று பக்கம்தான் சுவர். நாலாவது இதுதான்.

13. ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது:

அக்காவின் டிசம்பர் வாக்குமூலத்தைத் தள்ளிவிட்டு, இந்த மனுவை என் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள வேண்டும். திருப்பிக் கட்டச் சொன்ன உத்தரவை நிறுத்த வேண்டும். 2012ஆம் ஆண்டுப் பதிவைத் தொடக்கூடாது. மூன்று தவணைகளையும் விடுவிக்க வேண்டும். அக்காவை மறுபடி விசாரிப்பதானால் கீழ்த்தளத்தில் வைத்து விசாரிக்கவும், அல்லது யாராவது ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கவும். வந்து பார்த்தால் விசாரிக்க வேண்டியிருக்காது. பெரியப்பா மகள் கல்யாணம் கெடாதபடி இதை முடிக்க வழி இருந்தால், அப்படியே செய்யவும். அந்தப் பெண் எந்தப் பாவமும் அறியாதவர்.

என்மேல் எந்த நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம். தேர்வுக்கு முன்பே என்றாலும் சரி.

14. அந்த நடவடிக்கைக் கடிதத்தை மட்டும் வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம். பள்ளி முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வீட்டில் தபால் வாங்குவது அக்கா. அரசாங்கக் கவர் என்றால் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் வாங்குவார். உள்ளே வேலைக்கான ஆர்டர் இருந்தால் கிழிந்துவிடக்கூடாது என்று பிளேடால் ஓரத்தை மட்டும் அறுத்துத் திறப்பார். ஜனவரியில் வந்ததையும் அப்படித்தான் திறந்தார். எனக்கு வருவதை நான் பல்லால் கிழித்துக்கொள்வேன். அக்காவுக்கு ஏதாவது அனுப்புவதாக இருந்தால், ஐயா, 'ரத்து செய்யப்பட்டது' என்கிற சொல்லுக்கு முன்னால் எது ரத்து என்பதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொல்லவும். அவர் முதல் வரியிலேயே நிறுத்திவிடுவார்.

இடம்: அரியலூர்
நாள்: 09.02.2026, திங்கட்கிழமை

மேலே எழுதிய அனைத்துக்கும் பொறுப்பான,
(ஒப்பம்) அ. பிரேம் பிரிட்டோ

இணைப்பு: 1. அறிவிப்பின் நகல். 2. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல். 3. வேலைவாய்ப்புப் பதிவு அட்டை நகல், 2012. 4. ஃப்ளெக்ஸ் ஒன்று, அசல், எட்டடிக்கு ஆறடி (திருப்பித் தர வேண்டியது).