படத்தில் அவள் கத்தினாள்

ஏம்பலம்
3.2.2025

என் தம்பி எழிலரசனுக்குப் பெரியக்கா புவனேஸ்வரி எழுதுவது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் பொய்தான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. வீட்டில் இருப்பது ஒரே பட்டன் போன், அதுவும் அப்பாவின் சட்டைப் பையில். இளவரசியின் போனைப் பிடுங்கி உடைத்துவிட்டார். நம் வயலில் கரும்பு வெட்டிய சூசைநாதன் மகன் அன்புராஜோடு என் மகள் பேசிப் பழகியது அவருக்குத் தெரிந்துபோனது. ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாளே செல்லிப்பட்டில் மாப்பிள்ளை பார்த்து, மாசியில் கல்யாணம் என்று முடித்துவிட்டு வந்தார். இவள் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள். உங்க மாமா இருந்திருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் உன் சின்னக்கா வெண்ணிலாவுக்குப் பூவாடைக்காரி படையல் போட வேண்டும். கன்னியாகச் செத்த பெண்ணைச் சாமியாக அழைத்துச் சேலை வைக்காமல் நம் பக்கத்தில் எந்தக் கல்யாணம் நடக்கிறது? அப்பாவே பாண்டிக்குப் போய் அரக்குச் சேலை வாங்கி வந்தார். பொங்கல் தவறாமல் அவளுக்குச் சேலை வைக்கிறவர் ஆயிற்றே. செத்தவள் மேல் இருக்கும் பாசத்தில் கால்வாசி உயிரோடு இருக்கிற என் மேல் கிடையாது, போ.

வெள்ளிக்கிழமை உன் பேய்ப் படம் வருகிறதாமே. போன வருஷப் பொங்கலுக்கு நீ கதையை வாசித்துக் காட்டியபோது அழுதுவிட்டேன். நம்மவள் மாதிரியே கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்துச் செத்தவள், அக்கா மகள் கல்யாணத்தன்று வாசலில் வந்து நின்று, "எனக்குச் சேல எங்க?" என்று கேட்கிறாளே, வெண்ணிலாவே வந்ததுபோல இருந்தது. அதைக் கேட்டுத்தானே அப்பாவும் நம் தோட்டத்திலேயே படம் எடுக்க விட்டார். உன் பேய் நடிகை என் மஞ்சள் டப்பாவைக் காலி செய்துவிட்டுப் போனதை மட்டும் நான் மறக்கவில்லை. அப்பாவை முதல் நாளே அழைத்துப்போகிறேன். பதிலை அங்கன்வாடி விலாசத்துக்குப் போடு. அங்கே நான்தான் டீச்சர், வேறு யாரும் பிரிக்க மாட்டார்கள்.

உன் பெரியக்கா
புவனா


சென்னை
6.2.2025

பெரியக்காவுக்கு,

அப்பாவைப் படத்துக்கு அழைத்துப்போகாதே. இதை முதலில் எழுதிவிடுகிறேன். போன் போட்டால் அவர்தான் எடுக்கிறார். அவரிடமே இதை எப்படிச் சொல்வேன்?

நான் வாசித்துக் காட்டிய கதை படத்தில் இல்லை. எடுத்தவரை ஓட்டிப் பார்த்த தயாரிப்பாளர், "பேய் வந்து சேல கேட்டா எவன் சார் பயப்படுவான்? கொல்லணும் சார்" என்றார். டைரக்டர் என்னைக் கேட்காமலே செங்கல்பட்டுப் பக்கம் வேறொரு தோட்டத்தில் புதுக் காட்சி எடுத்துச் சேர்த்துவிட்டார். பாம்பு போய்விட்டது. பெற்ற அப்பனே, மகள் ஒருத்தனைக் காதலித்தாள் என்று கரும்புக்குள் இழுத்துப்போய் வாயில் பூச்சிமருந்தை ஊற்றுகிறான். அவள் ஊருக்கே கேட்கும்படி கத்துகிறாள். பிறகு பேயாக வந்து ஒவ்வொருத்தன் கழுத்தாக முறிக்கிறாள்.

டைரக்டருக்கு நம் வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. சின்னக்காவைப் பற்றி நான் மூச்சுக்கூட விட்டதில்லை. ஜனங்களைப் பயமுறுத்த அவராக நினைத்து எடுத்தது. ஆனால் முன்பாதி முழுக்க நம் தோட்டம், நம் மோட்டார் கொட்டகை. ஊரில் என்ன சொல்வார்கள்? பிள்ளையே அப்பனைக் கொலைகாரன் ஆக்கிவிட்டான் என்றுதானே? சண்டை போட்டுப் பார்த்தேன், என் பெயரை எடுக்கச் சொன்னேன், நடக்கவில்லை. அப்பா மனசு உடைந்துவிடும் அக்கா. எனக்கு அழுகையாக வருகிறது.

இளவரசியைச் சாப்பிடச் சொல். கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி நானே வந்து அப்பாவிடம் பேசுகிறேன்.

எழில்


ஏம்பலம்
11.2.2025

தம்பி எழிலுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதற்குள் படம் பார்த்தாயிற்று. அப்பா மனசு உடையவில்லை. அதற்காக நீ அழ வேண்டாம்.

அந்தக் காட்சி வந்தபோது, அப்பா என்ன ஆவாரோ என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் பக்கம் சாய்ந்து, "இன்னாத்துக்கு இப்டி கத்துது அது? அவ கத்தவே இல்லியே" என்றார். நடவில் தப்பு செய்த ஆளைத் திருத்துவாரே, அதே குரலில்.

பஸ்ஸில் கேட்டேன், "யாருப்பா கத்தல?"

"வெண்ணிலாதான். பாம்பு கடிச்சப்போ."

"நீ தோட்டத்துக்குப் போறப்போவே பேச்சு மூச்சு இல்லாம கெடந்தாள்னுதானே சொன்ன?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது சொன்னார், "இந்தப் படத்த இளவரசிக்குக் காட்டு. பாக்கட்டும். பாத்தா புத்தி வரும்."

எழில், வெண்ணிலா செத்தபோது நீ ஹாஸ்டலில் இருந்தாய். நான் புகுந்த வீட்டிலிருந்து ஓடி வருவதற்குள் எரித்துவிட்டார்கள். பாம்பு கடித்த உடம்பை வைக்கக் கூடாது என்றார் அப்பா. மோட்டார் கொட்டகையில் பூச்சிமருந்து நாற்றம் வீசியது. கரும்புக்கு அடித்தேன் என்றார். நானும் விவசாயி வீட்டுப் பெண்தானே, அந்த வாரம் முழுக்க மழை பெய்துகொண்டிருந்தது. மழையில் யாராவது மருந்து அடிப்பார்களா? இத்தனை வருஷம் இது எனக்குத் தோன்றவே இல்லையே, பாவி நான்! உன் டைரக்டர் தெரியாமல் எடுத்தார். தெரிந்த மனுஷன் பார்த்துத் திருத்திவிட்டார்.

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவள் இளவரசி. கல்யாண ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் பாண்டிக்குப் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லி, நானே அவளைச் சென்னை பஸ் ஏற்றிவிடுகிறேன். அன்புராஜையும் ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டேன். அவளை எதற்காகவும் இங்கே திருப்பி அனுப்பாதே. அப்பாவே வந்து காலில் விழுந்தாலும் அனுப்பாதே.

அவள் பையில் அரக்குச் சேலை இருக்கிறது. அது வெண்ணிலாவுக்கு வாங்கியது. இளவரசி கல்யாணம் எங்கே நடந்தாலும் அங்கே வெண்ணிலாவைச் சாமியாக அழைத்து இதை வை. இந்த வீட்டில் அவர் கையால் வைத்த சேலையை அவள் எப்படித்தான் வாங்கிக்கொண்டாளோ.

நான் வரவில்லை. அவள் அளவு கொடுக்கத் தையல்கடையில் இருக்கிறாள் என்று சொல்லிச் சமாளிக்க இங்கே ஆள் வேண்டும்; நானும் கிளம்பினால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். இளவரசி வந்ததும் போன் போடு. அப்பாதான் எடுப்பார். "சேல வந்து சேந்துச்சுன்னு அக்காகிட்ட சொல்லு" என்று மட்டும் சொல். அதை அவரே வந்து என்னிடம் சொல்வார்.

சொல்லி முடிக்கட்டும். அதன் பிறகு அவரை உட்காரவைத்துக் கேட்கிறேன், என் தங்கச்சி ஏன் கத்தவில்லை என்று.

புவனா