முதல் தெரிவு

மச்சாள்,

இன்று காலை கச்சேரியில், எங்கள் மாவட்ட அரச அலுவலகத்தில், என் மேசைக்கு ஒரு பிள்ளை வந்தாள். கட்டைபறிச்சான் பிள்ளை. மூதூர் லாஞ்சில் கடல் கடந்து வந்திருக்க வேண்டும், அவள் நீட்டிய கடதாசிக் கோவையில் டீசல் மணத்தது. வதிவிடச் சான்றிதழுக்கு முத்திரை குத்திக் கொடுத்தேன். வாங்கிய பிறகும் போகாமல் நின்றாள்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டோ? பல்கலைக்கழக விண்ணப்பத்தில எதை முதல் தெரிவாப் போடுறது? சட்டம் எண்டு போட்டால் ஒண்டுமே கிடையாமல் போயிடுமோ?"

"உமக்கு எது விருப்பமோ அதைப் போடும்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். பிறகு வந்தவர்களுக்கும் முத்திரை குத்தினேன். மத்தியானம் சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். நீ செத்து எட்டு மாதம். உனக்கு எழுத வேண்டும் என்று இன்றைக்குத்தான் தோன்றியது.

நாங்கள் பல்கலைக்கழகத்துக்குப் படித்தது, மாவட்டவாரியாக இடம் ஒதுக்கும் முறை வந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து விண்ணப்பித்தால் மிக அதிகப் புள்ளி வேண்டும், எங்கள் திருகோணமலையிலிருந்தென்றால் அதைவிடக் குறைவு போதும். சட்டம் என்றால் கொழும்பில் இருந்த ஒரே ஒரு பீடம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து மாமா, உன் அப்பா, என் அம்மாவுக்குக் கடிதம் போட்டார். அடுத்த மாதமே நீ ஒரு சூட்கேசுடனும் பனம்பழத்தில் செய்த பனாட்டுப் பொதியுடனும் பஸ்ஸிலிருந்து இறங்கினாய். எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாய், என் கட்டிலில் பாதி உனக்கு.

எனக்கும் சட்டம்தான் வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அப்பா, என்னைப் பன்னிரண்டு வயதிலிருந்தே வக்கீல் என்ற அர்த்தத்தில் 'அப்புக்காத்து' என்றுதான் கூப்பிடுவார். அப்படியிருந்தும் ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. எங்கள் மாவட்டத்துக்குச் சட்டத்துக்கு எத்தனை இடம் என்று கேட்டால் ஒருவர் ஒன்று என்பார், இன்னொருவர் இரண்டு என்பார். அம்மா மட்டும் நிச்சயமாகச் சொன்னார்: "ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சால் ரெண்டு பேரும் எடுபடுவியள்." அண்ணனின் மகளை வராதே என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வராது. எனக்கும் வரவில்லை. நீ வந்தது எனக்கு உண்மையிலேயே சந்தோசம்.

சேர்ந்துதான் படித்தோம். அளவையியலில் நீ கெட்டிக்காரி, வரலாற்றில் நான். பின்னேரங்களில் கோட்டைப் பக்கம் போய் மரத்தடியில் இருந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்போம். ஒருநாள் அங்கே மேய்கிற மான் ஒன்று உன் அளவையியல் குறிப்பில் ஒரு தாளை இழுத்துத் தின்றுவிட்டது. நீ துரத்தாமல் சிரித்துக்கொண்டு நின்றாய்.

"சரி மச்சாள், இனிச் சட்டத்துக்குப் போட்டி மூண்டு பேர்" என்றாய்.

நானும் சிரித்தேன். போட்டி என்ற சொல்லை எங்களில் ஒருவர் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

விண்ணப்பம் நிரப்பிய நாள் உனக்கு நினைவிருக்கும். சாப்பாட்டு மேசையில் இருவரும் எதிரெதிரே இருந்தோம். நான் முதல் தெரிவில் சட்டம் என்று எழுதிவிட்டேன். நீ பேனையைத் திறந்தபடி வைத்திருந்தாய்.

"மாமி, நான் கலையை முதல் போடட்டோ?"

அம்மா குசினியிலிருந்து வந்தார். "விசர்க்கதை கதையாதை. சட்டம் படிக்கவெண்டுதானே கொப்பர் உன்னை இஞ்ச விட்டவர். போடு."

நீ என்னைப் பார்த்தாய். நான் பிறந்த திகதியை எழுதிக்கொண்டிருந்தேன். நீ சட்டம் என்று எழுதினாய்.

சட்டத்துக்கு எடுபட்டதாக உன் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. எனக்கு வரவில்லை. இருவருக்கும் ஒரே முகவரிதானே, நாளைக்கு வரும் என்று அப்பா சொன்னார். மறுநாளும் சொன்னார். அந்தக் கிழமை முழுவதும் தபாற்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது மணி அடிக்காமல் போனார். அதற்குப் பிறகு அப்பா என்னை அப்புக்காத்து என்று கூப்பிடவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதுதான் எனக்கு வந்த பதில்.

வெள்ளிக்கிழமை அம்மா உனக்காகச் சர்க்கரைப் பொங்கல் பொங்கினார். பொங்கிவிட்டுக் குசினியைவிட்டு வெளியே வரவில்லை. மாமியாகச் சந்தோசப்படவும் வேண்டும், தாயாகக் கவலைப்படவும் வேண்டும், பாவம், எந்த முகத்தோடு வருவது என்று தெரியாமல் இருந்திருப்பார். நீ என் முன்னால் வந்து இருந்து அழுதாய்.

"ஏசு மச்சாள். ஒருக்கா ஏசிவிடு. எனக்குச் சுகமாயிருக்கும்."

"ஏன் ஏசோணும்? பொங்கல் ஆறுது, சாப்பிடு" என்றேன்.

பொறுமையால் சொன்னதில்லை அது. எனக்குள் ஒன்றுமே இருக்கவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு ஆளின் கன்னம் போல இருக்குமே, அப்படித்தான் இருந்தது. நான் போக மாட்டேன் என்று நீ அடம்பிடித்தபோது, "நீ விட்டால் அது இவளுக்கு வருமெண்டு ஆர் பிள்ளை சொன்னது?" என்று அப்பா கேட்டார். உன் சூட்கேசை நான்தான் அடுக்கினேன். நன்றாகவே அடுக்கினேன்.

கொழும்பிலிருந்து மாதம் தவறாமல் எழுதினாய். விடுதிச் சாப்பாடு, மழை, வெள்ளவத்தையில் வாங்கிய சேலை, எல்லாம் எழுதுவாய். சட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி இருக்காது. நானும் கேட்டதில்லை. எனக்குக் கச்சேரியில் வேலை கிடைத்தது. நீ சட்டத்தரணியாகச் சத்தியம் செய்த படம் வந்தபோது அம்மா அதைச் சுவரில் மாட்டினார். அதன் கீழே இருந்துதான் தினமும் தேநீர் குடித்தேன். ஒரு கஷ்டமும் தெரியவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

பிறகு உனக்குக் காய்ச்சல் என்றார்கள். தந்தி வந்தது.

யாழ்ப்பாணத்தில் உன் வீட்டு முற்றத்தில் பெண்கள் ஒப்பாரி வைத்து அழுதார்கள். நான் வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டேன். உன்னோடு சட்டபீடத்தில் படித்த ஒருத்தி கொழும்பிலிருந்து வந்திருந்தாள். என்னிடம் வந்து கேட்டாள்.

"நீங்கள்தானோ திருகோணமலை மச்சாள்?"

"ஓம்."

"முதல் நாள் எங்களையெல்லாம் எழும்பி அறிமுகம் செய்யச் சொன்னவை. இவ எழும்பி, 'இது என்ர மச்சாளின்ர இடம். அவவின்ர இடத்திலதான் நான் இருந்து படிக்கிறன்' எண்டு சொன்னவ. எல்லாரும் பகிடியெண்டு சிரிச்சம். கடைசி வருசம் வரைக்கும் அதைத்தான் சொன்னவ."

நான் அவளுக்கும் ஒரு கதிரை எடுத்துப் போட்டேன்.

உனக்குத் தெரிந்திருக்கிறது, மச்சாள். ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாய். எனக்கு மட்டும் சொல்லவில்லை. ஒரு கடிதத்தில், சேலைக்கும் மழைக்கும் நடுவில், அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். வாயில் வந்தபடி உன்னை ஏசியிருப்பேன். ஏசி முடிய உன்னைக் கட்டிப்பிடித்து அழுதும் இருப்பேன். இப்போது அந்த ஏச்சும் அழுகையும் என்னிடம் அப்படியே இருக்கின்றன. வாங்கிக்கொள்ளத்தான் நீ இல்லை.